தனி லைன்

இன்பராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். முகச்சவரம் செய்தான். பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு அம்பாசடரின் டிக்கிக்குள் குனிந்தான்.

ட்ரெய்லர் விளக்குக்குக் காரின் பின்விளக்கு ஒயரிலிருந்து நேராக இணைப்புக் கொடுக்கக் கூடாது. இரண்டு விளக்குக்கு இழுத்த ஒயர் நான்கைத் தாங்காது. சூடேறி உருகும், சுவிட்சும் போகும். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவனுக்கு இது தெரியும்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி லைன் இழுத்தான். நடுவில் ஒரு ரிலே. அதைத் தூண்டுவது மட்டும்தான் பழைய ஒயருக்கு வேலை. காருக்குப் பாரமே இல்லை.

அரை மணி நேரம்தான் ஆனது. ஒரு பிடி கரிசல் மண்ணை அள்ளி ஒயர் நெடுகத் தேய்த்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

பத்து மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே மாமனார் ஐயாத்துரை. கார் அவர் சீதனமாகக் கொடுத்தது.

மனைவி சண்முகவடிவு இறந்து பதினெட்டு நாள். பரளச்சியிலிருந்து காரில் மாட்டிய ட்ரெய்லரில் கொத்தமல்லி மூட்டை ஏற்றி வந்தபோது, பொழுது மசங்கிய நேரத்தில் பின்னால் வந்த லாரி அதில் மோதியது. அவள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ட்ரெய்லர்ல லைட்டே இல்லங்கிறான் லாரி டிரைவர் இருளாண்டி," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏதோ சைக்கிள் வெளிச்சம் மாதிரி ஆடுச்சாம். அதுவும் அணைஞ்சுபோச்சாம்."

"குடிச்சிட்டு ஓட்டுறவனுக்கு நெலாவே ரெண்டாத் தெரியும்," என்றார் ஐயாத்துரை. "எம் மாப்ள கார்ல ஒரு கீறல் விழ விடமாட்டாரு. அவரா லைட்டு இல்லாம ஓட்டுவாரு?"

"ட்ரெய்லர் பின்பக்கம் அப்பளமா நொறுங்கிக் கெடக்கு. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கார்ல லைன் இருக்கான்னு பாத்துருவோம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். விரலில் மண் ஒட்டியது.

"சுத்தமான வேலை. யாரு செஞ்சது?"

"நான்தான் சார். போன வருஷம்."

"அப்ப இருளாண்டிக்கு ரெண்டு வருஷம் நிச்சயம். அவன் பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் வாசல்லயே கெடக்கா, பாவம்." நோட்டைத் திறந்தார். "முன்சீட்டு காலியாத்தான இருந்துச்சு? அந்தம்மா ஏன் பின்னால உக்காந்தாங்க?"

"மூட்டை சரியாமப் பிடிச்சுக்க, சார்."

"கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"மூட்டை சரியுதுன்னு கத்துனா."

ஐயாத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

மூட்டை சரியவில்லை. அவள் கத்தவுமில்லை. காற்றில் கேட்கட்டும் என்று குரலைச் சற்று உயர்த்தித்தான் சொன்னாள்.

"என்னங்க, டார்ச்சு அணைஞ்சுருச்சு. பின்னால லாரி வருது, ஓரமா நிப்பாட்டுங்களேன்."