சபாபதியை யார் பிடித்திருந்தார்கள்?

"நீ இறுக்கிப் பிடிச்சிருக்கேன்னுதானே நான் நிம்மதியா இருந்தேன்!" என்று கோதை கத்தியது நான்காவது மாடி முழுக்கக் கேட்டது.

"பொண்ணு நீ பிடிச்சிருப்பேன்னு நானும்தான் நெனச்சேன்!" என்று அதைவிட உரக்கக் கத்தினான் அவள் அண்ணன் இளங்கோ.

செத்துப்போன அப்பா சபாபதியின் குரல் அன்று காலை அழிந்துவிட்டது. இப்போதெல்லாம் செத்தவர் குரலை வேண்டியவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளலாம்; யார் எப்படிப் பிடித்திருக்கிறார் என்பது மட்டும் அடுத்தவருக்குத் தெரியாது. இறுக்கிப் பிடித்தால் அவர் நாள் முழுக்கக் காதுக்குள் இருமுவார், புத்தி சொல்வார். தளரப் பிடித்தால் கூப்பிடும்போது மட்டும் பேசுவார். ஆனால் ஒருவர்கூட இறுக்கிப் பிடிக்காத குரலைத் துப்புரவு மெஷின் கூட்டித் தள்ளிவிடும். பாசக்காரப் பிள்ளைகள் இருவரும் பிடித்திருந்தது தளரத்தான்.

அப்படியானால் இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியது யார்? அந்த மாடியில் குடியிருக்கும் நாங்கள் எல்லோரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எதிர் வீட்டு பிலோமினா டீச்சர் வெளியே வந்தார்.

"நான்தான் தம்பி. நேத்துதான் விட்டேன். எனக்குக் கல்யாணம் வச்சிருக்கு. இன்னொருத்தர் வீட்டுக்கு அவர் குரலையும் கூட்டிட்டுப் போறது சரியில்லையே. பெத்த புள்ளைங்க ரெண்டு பேரு பிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றாள் கோதை.

"என்னன்னு சொல்றது கோதை?"

இந்த வயதில் கல்யாணமா என்று சிரிக்க வாயெடுத்த யாரும் அதற்குப்பின் சிரிக்கவில்லை.

டீச்சர் ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி போனார். இளங்கோ கோவைக்கு மாறினான், தங்கையோடு பேச்சில்லை. கோதை தூத்துக்குடியில் டீச்சர் தெருவிலேயே வீடு பார்த்துப் போய்விட்டாள். அப்பாவைப் பற்றிக் கேட்க அவளுக்கு வேறு ஆளில்லையாம்.