இலங்கையின் நாற்காலி

"இலங்கை நான் சார்" என்று ஆனந்தராஜ் கையைத் தூக்கினான்.

இவனை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் முதல் வருஷ அரசியல் அறிவியல் வகுப்பு. சர்வதேச உறவுகள் பாடத்துக்கு மாதிரிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். எல்லோருக்கும் இந்தியாதான் வேண்டும். இலங்கை நாற்காலி காலியாகவே கிடந்தது. கடைசியில் அதற்குப் போனவன் இவன். காரைக்கால் படகில் வேலைக்குப் போன இவன் அண்ணன், எல்லை தாண்டினான் என்று பிடிபட்டு, இலங்கைச் சிறையில்தான் இருக்கிறான்.

"வெக்கமா இல்லியாடா?" என்றான் முருகையன். "உங்கண்ணன் அங்க கம்பி எண்ணிக்கினு கெடக்கான். நீ அவங்க சீட்டுல போயி உக்கார்ற."

"உக்காந்தா என்னா?"

"உங்கம்மாகிட்ட போயி சொல்லு. செருப்பால அடிக்கும்."

ஆனந்தராஜ் போய் உட்கார்ந்தான். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

எதிரே இந்தியா. அரீபா தலைமை. பக்கத்தில் முருகையன்.

"இந்தியா கேக்கும், இலங்கை பதில் சொல்லும்" என்றார் அரிகிருஷ்ணன் சார். "பதில் சொல்ற நாடு, கேக்காதத தானா எடுத்துக் குடுக்கக் கூடாது. உங்க நாட்டுக்கு என்ன லாபமோ அதுக்குத்தான் மார்க். பெல் அடிச்சா முடிஞ்சுது."

அரீபா நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"துறைமுகத்துல எங்களுக்குப் பங்கு வேணும்."

"எடுத்துக்கங்க" என்றான் ஆனந்தராஜ்.

சண்டை வரும் என்று நினைத்திருந்த அரீபா முழித்தாள். "சீனாக் கப்பல் எதையும் உள்ள விடக் கூடாது."

"விடல. அடுத்து?"

"காற்றாலை காண்ட்ராக்ட் எங்க கம்பெனிக்கு."

"சரி. வேற? வேற என்ன வேணும், கேளுங்க."

"ஆடித் தள்ளுபடி போட்டுட்டான்டா" என்றது பின்பெஞ்சு. வகுப்பே சிரித்தது. ஆனந்தராஜ் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து அரீபாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய்க் கிடங்கு கேட்டாள். கொடுத்தான். டூரிஸ்ட் கப்பல் கேட்டாள். கொடுத்தான். முருகையன் அவள் காதில் ஏதோ சொல்ல, கிரிக்கெட் மேட்ச் கேட்டாள். அதற்கும் தலையாட்டினான்.

"இன்னும் இருக்கா? சீக்கிரம் கேளு அரீபா."

"அவ்வளவுதான்" என்று அவள் பேப்பரை மடித்தாள்.

பெல் அடித்தது.

"இந்தியாவுக்கு முழு மார்க்" என்றார் சார். "உனக்கு முட்டைதான் ஆனந்தராஜ். நாட்டையே வித்துட்டியேப்பா. எதுக்கு எல்லாத்துக்கும் அப்படி அவசர அவசரமா சரின்னு சொன்ன?"

"இதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சா அதுக்கு வந்துடுவாங்கன்னு பாத்தேன் சார்."

"எதுக்கு?"

ஆனந்தராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். இந்தியாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"புடிச்சி வச்சிருக்க மீனவங்கள விடுங்கன்னு கேப்பாங்க, சரின்னு சொல்லலாம்னுதான் அந்தப் பக்கம் போயி உக்காந்தேன். யாரும் கேக்கல சார்."