முழங்கால் பதிந்த புல்
வங்கதேசத்தின் ராஜ்ஷாஹியில் நாலு நாள் கிரிக்கெட் ஆட்டம் தொடங்க அரைமணி நேரம்தான் இருக்கிறது. பனி உலராத பிட்ச்சில், புல்வெட்டும் இயந்திரத்தின் முன்னால் வேகப்பந்து வீச்சாளன் தௌகீர் மண்டியிட்டிருக்கிறான். “கொஞ்சம் புல்ல விட்டுவை, சாச்சா. நாட்டு டீமுக்கு வேகமா வீச ஆளில்லேன்னு டிவில அழறாங்க. இங்க மூணு மேட்ச்ல எனக்குப் பதினோரு ஓவர்தான். ஸ்பின்னருங்களுக்குப் பந்தத் தேச்சுக் குடுத்தே பேண்ட் சிவந்துபோச்சு.” “ஸ்பின்னுக்குத் தோதா கேப்டன் மொட்டையடிக்கச் சொல்றாரு, நான் என்ன பண்ண?” மைதானக்காரர் மொத்தாலெப் அவனைச் சுற்றி இயந்திரத்தை ஓட்டுகிறார். அவன் எழுந்ததும், வெளுத்த மண்ணில் முழங்கால் அமுங்கிய இடம் மட்டும் கையகலப் பச்சையாகத் தெரிகிறது. தூரத்தில் நிற்கும் கேப்டன் அதை நோக்கி விரலை நீட்டுகிறார். மொத்தாலெப் கத்தரிக்கோலோடு குனிகிறார். தௌகீர் வெறுங்காலோடு பச்சையின் மேல் ஏறி நிற்கிறான். “கால எடு, தம்பி.” அவன் எடுக்கவில்லை. கத்தரிக்கோல், அவன் கால்விரல்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் புல்லை ஒவ்வொன்றாக நறுக்குகிறது.