ஆரிஃபுக்கு ஒரு மருந்து

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி வழியே வரும் காலை வெயில் ஆரிஃபின் மார்பில் விழுகிறது. இயந்திரத்தின் தயவில் மார்பு ஏறி இறங்குகிறது. மூளை இறந்துவிட்டதென்று டாக்டர்கள் நேற்றே சொல்லிவிட்டார்கள். சிறுநீரகங்களைக் கொடுக்க மனைவி மரீஹா சம்மதித்துவிட்டாள். இப்போது தாதி நளினி ஊசியோடு வந்து அவர் காதருகே குனிகிறாள். "அண்ணே, மருந்து போடுறேன்." மரீஹா நிமிர்ந்து தாதியைப் பார்க்கிறாள். "இனிமே எதுக்கு மிஸி மருந்து?" நளினியின் குரல் தணிகிறது. "அண்ணனுக்கு இல்லக்கா, கிட்னிக்கு. வாங்கிக்கப் போறவங்க ஒடம்புல நல்லா வேலை செய்யணும்லா." மரீஹா அவர் கையைப் பற்றுகிறாள். வெதுவெதுப்பாக இருக்கிறது. அலோர் காஜா ஊரில், மசாலாக் கடையில் வேலை செய்தபடியே தன் எத்தனையோ காய்ச்சலை மருந்தில்லாமல் விரட்டிய கை. "ஒரு பனடோல் மாத்திரைக்குக்கூட வாயத் தொறக்க மாட்டாங்க இவங்க," என்கிறாள். நளினியின் கட்டைவிரல் ஊசியை அழுத்தப்போகிறது. "கொஞ்சம் பொறுங்க, மிஸி." மரீஹா குனிந்து, அவருக்குப் பதிலாகச் சொல்கிறாள்: "பிஸ்மில்லாஹ்." அந்தச் சொல் முடியும்வரை காத்திருந்துவிட்டு நளினி அழுத்துகிறாள். மருந்து குழாயில் மெல்ல இறங்குகிறது. வெகுநேரம் கழித்து, கட்டிலோரம் தொங்கும் பைக்குள் சிறுநீர் ஒரு சொட்டு, வெயில் பட்டுப் பொன்னாக விழுகிறது. பிறகு இன்னொன்று. மரீஹா மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். "வேலை செய்யுது, மிஸி."