வசந்தகுமாரியின் முழங்கால்

இடைவெளி இன்னும் நூறு மீட்டர். எட்டிப் பிடித்துவிடலாம்.

முன்னால் ஓடிக்கொண்டிருந்தது பிரேமின் முதுகு. வியர்வையில் ஊறி, தோள் சரிந்து, அடிக்கு அடி கனத்துக்கொண்டே போன முதுகு. அவள் கணவனின் முதுகு.

கடலில் நீந்தியாயிற்று. சைக்கிள் மிதித்தாயிற்று. இப்போது ஓட்டம், அதிலும் கடைசி இரண்டு கிலோமீட்டர். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. தூரத்தில் கப்பல்கள் நகராமல் நின்று வேடிக்கை பார்த்தன.

வசந்தகுமாரிக்குப் பெரிதாக மூச்சு வாங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

கிளப்பில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளை என்பதைவிட, அவள் முழங்காலை. "வசு அக்கா, கால் எப்படி இருக்கு?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சாங்கிப் பக்கம் பயிற்சியின்போது சைக்கிளோடு விழுந்தாள். நிஜமான அடி. நிஜமான வலி. படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

அதற்குக் கொஞ்சம் முன்பு நடந்த பந்தயத்தில்தான் முதன்முதலாகப் பிரேமை முந்தியிருந்தாள். ஒரு மூச்சு வித்தியாசம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவன் பேச்சை நிறுத்திவிட்டான். பூன் லே வீட்டில் அவள் சமைத்ததெல்லாம் தொடாமல் ஃப்ரிட்ஜுக்குப் போனது. காப்பிக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அப்போதும் அவளுக்கு முதுகுதான்.

விழுந்த அன்று ஓடி வந்து தூக்கினான் பாருங்கள், ஆளே மாறிப்போனான். ஐஸ் வைத்தான். தைலம் தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டி முடித்து எல்லோரும் தேக்காவில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தால், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "கால நீட்டிக்க வசு" என்பான்.

அடிபட்ட பெண்டாட்டிக்கு அவன் அவ்வளவு நல்ல புருஷன்.

போன வருடமே கால் சரியாகிவிட்டது. சிராங்கூனில் பிசியோ பெண் அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், "இனிமே என்னைத் தேடி வராதீங்க" என்று சிரித்துக் கைகுலுக்கி அனுப்பினாள். அதைச் சொல்லத்தான் அன்று அவசர அவசரமாக வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தால், பிரேம் சோபாவில் உட்கார்ந்து ஐஸ் பையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு எல்லாப் பந்தயத்திலும் கடைசி நேரத்தில் நொண்டினாள். பிரேம் முன்னால் போனான். ராத்திரி ஐஸ் வந்தது.

இன்று காலைவரை அப்படித்தான்.

சைக்கிள்களை மாட்டி வைக்கிற இடத்தில், கிளப்புக்குப் புதிதாக வந்த அமீரா பிரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் மாதிரி ஒரு ஆள் எங்கலா கிடைப்பாரு அக்கா? உங்க காலைக் கண்ணு மாதிரி பாத்துக்கறாரு."

"என்ன செய்யறது அமீரா? இவளுக்கு ஆசை இருக்கு, கால்தான் இல்ல" என்றான் பிரேம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

இன்று நொண்டுவதாக இல்லை.

ஐம்பது மீட்டர். இருபது.

தண்ணீர் மேசையில் நின்ற கிளப் நண்பன் இம்ரான் கத்தினான். "டேய் பிரேம், பின்னால பாரு! இன்னைக்கு வீட்டுல சமையல் நீதான்லா!"

பிரேம் திரும்பவில்லை. ஆனால் முதுகு விறைத்தது. ஓடுகிறவனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, காது போதும். நொண்டுகிற கால் ஓர் அடி பலமாகவும் ஓர் அடி லேசாகவும் விழும். அவள் கால் இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன. டப். டப். டப்.

தோளுக்குத் தோள் வந்துவிட்டாள். அவன் முகம் வெளுத்து, வாய் பிளந்து கிடந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் முந்திவிடுவாள். அதற்கப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். நடக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

"வலிக்குதா வசு?"

இரைப்புக்கு நடுவே, அவ்வளவு மெதுவாக. அவ்வளவு பிரியமாக.

கொஞ்ச தூரம் அவனோடு சேர்ந்தே ஓடினாள். பிறகு, முழங்காலைத் தொட்டபடி, காலை இழுக்க ஆரம்பித்தாள்.

முதுகு மறுபடி முன்னால் போனது.

முடிவுக் கோட்டில் அவளுக்குத்தான் கைத்தட்டல் அதிகம். "இந்தக் காலை வச்சிக்கிட்டு முடிச்சிட்டீங்களே அக்கா!" என்று அமீரா கண் கலங்கினாள்.

முன்னமே வந்து சேர்ந்திருந்த பிரேம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் துண்டில் சுற்றிய ஐஸ். அவளைப் புல்லில் உட்காரவைத்து, அத்தனை பேரும் பார்க்க, எதிரில் மண்டி போட்டான். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

அவன் போனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாறாமலே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"இன்னைக்கு எந்தக் காலு?"

காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்பானே, அதே குரல்.

வசந்தகுமாரி, அவன் கைக்கு எட்டுகிற காலை நீட்டினாள்.