ஒரு சிட்டிகைத் தீனி

கருவி 212 என்று காட்டியது.

பூஜ்யம் காட்ட வேண்டிய இடம்.

பேனா போன்ற அந்தக் கருவியைச் சட்டையில் துடைத்து, மறுபடி வாளித் தண்ணீருக்குள் விட்டான். 212. தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்புகளின் அளவை உள்ளது உள்ளபடி சொல்லும் கருவி. அதற்கு யார் மேலும் பாசமும் இல்லை, கோபமும் இல்லை.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, வாளிக்கு வரும் குழாய்த் தண்ணீரைச் சுத்தமாக்கும் வடிகட்டியின் உருளையைக் கழற்றி வெளியே எடுத்தான். உள்ளே நீல மணிகளாக இருக்க வேண்டிய, உப்பை உறிஞ்சும் ரெசின் அடிமுதல் நுனிவரை பழுப்பேறிக் கிடந்தது.

நிறம் மாறினால் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியவன் அவன்தான். கடைசியாக அவன் அங்கே எட்டிப் பார்த்தது தீபாவளிக்கு முன்னால். இப்போது பங்குனி.

கடல் மீன் தொட்டி ஹாலில் இருந்தது. நான்கடி நீளம். பவளங்களின் மேல் பச்சை முடிபோலப் பாசி. எவ்வளவு பிடுங்கினாலும் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடும். ஆவியாகிக் குறைகிற நீருக்கு ஈடாகத் தினமும் இந்த வாளியிலிருந்துதான் மூன்று லிட்டர் ஊற்றினான். நாள் தவறாமல் பாசிக்கு விருந்து வைத்திருக்கிறான், மகராசன்.

தொட்டிக்குள் இருந்த தண்ணீரை வாரம் இரண்டு தடவை சோதிப்பான். அதற்கென்று எட்டு வகைக் குப்பிகள் வைத்திருந்தான். உள்ளே ஊற்றுகிற தண்ணீரைச் சோதிக்க மட்டும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் இருந்தது. குற்றவாளி ஏற்கெனவே கிடைத்துவிட்டார்.

மாமனார் சங்கரபாண்டியன். அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். மாமியார் போன பிறகு, ஒரே மகள் சுபாஷினி பிடிவாதம் பிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்தாள். மகள் வீட்டில் தங்குவது அவருக்குக் கூச்சம். ஃபேனைக் கூட்டி வைக்கக்கூட அனுமதி கேட்பார். மாப்பிள்ளை படித்து முடிக்காமல் பேப்பரைத் தொட மாட்டார்.

அந்த வீட்டில் அவர் யாரையும் கேட்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. காலையில் மீன்களுக்குத் தீனி போடுவது. வந்த முதல் வாரமே அவன்தான் டப்பாவைக் கொடுத்து, வேளைக்கு ஒரு சிட்டிகை என்று சொல்லியிருந்தான். எட்டு மணி என்றால் எட்டு மணி. இரண்டு நிமிடம் முன்னாலேயே மீன்கள் அவர் நாற்காலி இருக்கும் பக்கமாக வந்து கண்ணாடியில் முட்டும்.

பாசி தலைகாட்டிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர் தொட்டியைப் பார்க்க வந்தார்கள். ஒருவன் பாசியைக் காட்டிச் சிரித்தான். அவமானத்தை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டியிருந்தது.

"அளவு தெரியாம கொட்டுனா இப்படித்தான் மாமா நாறும். எல்லாம் பாழாப் போச்சு."

குரல் உயர்ந்துதான் இருந்தது. இல்லை என்று இப்போது சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

அவர் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை, நான்கு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு தட்டின் மேல் கையை விரித்தார். மகள் கேட்டதற்கு, வயசாச்சும்மா என்றார். அன்றே நாற்காலியைப் பால்கனிக்கு நகர்த்திக்கொண்டார்.

இரண்டு வாரமாக அவனே தீனி போட்டான். எண்ணி எண்ணிப் போட்டான். பாசி குறையவில்லை. அதனால்தான் இன்று கருவியை எடுத்தான்.

நேற்று மாமனார், ஊரில் வீடு பூட்டியே கிடக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்றார். இன்று சாயங்காலம் வண்டி. திரும்பி வருவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சுபாஷினி நேற்றிலிருந்து அவனோடு பேசவில்லை.

உருளையைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றினான்.

யாருக்கும் தெரியப் போவதில்லை. புது ரெசின் போட்டால் ஒரு மாதத்தில் பாசி அடங்கும். மாமனார் போனதால் அடங்கியது என்றே எல்லாரும் நினைப்பார்கள்.

இந்தக் கணக்கு தன் தலைக்குள்தான் ஓடியது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மணி எட்டு.

மாமனார் பால்கனியிலிருந்து வந்தார். போகுமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டிக்கு நாலடி தள்ளி நின்றார். மீன்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அவர் பக்கமாக ஓடி வந்தன. இந்த இரண்டு வாரத்தில் அவனிடம் அவை இப்படி வந்ததில்லை.

வாசலோரம் அவருடைய பை ஜிப் மூடி நின்றது.

அவன் கறுப்புப் பையைப் பிரித்தான். உருளையை அவர் முன்னால் நீட்டினான்.

"தப்பு தண்ணில மாமா. இத மாத்தாம விட்டது நான். உங்க மேல ஒண்ணுமே இல்ல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

மாமனார் உருளையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதை அப்போதும் தவறவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தான்.

அவர் மூடியைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். விரல் நுனியில் அதைச் சற்றுநேரம் பார்த்தார்.

பாதியைத் திரும்ப டப்பாவுக்குள் உதிர்த்தார்.

மிச்சத்தை உள்ளங்கையில் வைத்து அவனிடம் காட்டினார்.

"இது போதுமா மாப்ள? கூடுதல்னா சொல்லுங்க."