உப்புத்தாளில் ஒரு முகம்

கண்ணாடிச் சட்டத்தை உப்பள வரப்பின் மேல் கிடத்திவிட்டு ஜான்சி பக்கத்திலேயே குந்திக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அடியில் தாள் இருந்தது. வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தாளில் பழுப்பேற வேண்டும்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த முருகையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு பலகையை இழுக்கத் தொடங்கினான்.

பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. குழந்தை போனதிலிருந்தே வீட்டில் கேள்விகள் குறைந்துவிட்டன.

பெண் குழந்தை. ஒரு பகல்தான் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை.

தை பிறந்ததிலிருந்து அது ஜான்சியின் கனவில் வர ஆரம்பித்தது. உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கைகாலை உதைக்கும். அவள் குனிந்து முகத்தைப் பார்ப்பாள். விழித்ததும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன் புதுச்சேரியில் ஓவியம் படித்தவள் அவள். பென்சிலால் வரைந்து பார்த்தாள். சரிப்படவில்லை. கிழித்துப் போட்டாள்.

கல்லூரியில் எப்போதோ செய்து பார்த்த பழைய வேலை ஒன்று அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தாளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, அதன் மேல் வெள்ளி கரைத்த தண்ணீரைப் பூசினால், வெயில் பட்ட இடமெல்லாம் கறுத்துப் படமாகும்.

உப்புக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கு, குழந்தைக்கென்று வாங்கி வைத்த காப்பு பீரோவில் இருந்தது.

அதை அமிலத்தில் கரைத்துத் தரச் சொன்னபோது, நகை வேலை செய்யும் தட்சணாமூர்த்தி அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"செம்பைத் தங்கமாக்குறது ரசவாதம்னு கேள்விப்பட்டிருக்கேம்மா. வெள்ளியத் தண்ணியாக்கிக் குடுன்னு கேக்குறது நீதான்."

ஆனாலும் அதில் கலந்திருந்த செம்பை நீக்கி, கரைத்து, கறுப்பு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

காப்பு போனது முருகையனுக்குத் தெரியாது.

இன்று விடிந்ததும், கனவு கலைவதற்கு முன்பே, விளக்குக் கரி படிந்த கண்ணாடியில் ஊசியால் கீறி அந்த முகத்தை வரைந்துவிட்டாள். அந்தக் கீறல்களின் வழியாகத்தான் இப்போது வெயில் தாளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாகக் கண்ணாடியைத் தூக்கினாள்.

நெற்றி. இமை. மூக்கு. மடங்கிய விரல்கள். எல்லாம் பழுப்பு நிறத்தில் ஏறியிருந்தன.

படம் மேலும் கறுத்துவிடாதபடி, பாத்தியில் உப்பு முற்றிய தண்ணீரிலேயே தாளை அலசி எடுத்தபோது அதன் மேல் நிழல் விழுந்தது. முருகையன் நின்றிருந்தான்.

"காப்பக் கரைச்சிட்டேன்," என்றாள் அவள். திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் திட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகை கையிலிருந்து நழுவியது.

"மூக்கு இப்டி இல்ல," என்றான். "உன்னுது மாதிரி, நுனி கொஞ்சம் தூக்கினாப்ல இருந்துச்சி. நெத்தியில இவ்ளோ முடி கெடையாது."

குழந்தையைப் பற்றி அவன் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

கரி பூசி வைத்திருந்த இன்னொரு கண்ணாடியை ஜான்சி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியைக் கையில் எடுத்தாள்.

அன்று பிரசவ மயக்கம் தெளிந்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பியபோது, முருகையன் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"கண்ணு?" என்று கேட்டாள்.

முருகையன் வரப்பில் அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

"தொறந்துனுதான் இருந்தா," என்றான். "நீ வரை. சொல்றேன்."